ஈரக்கல் தோட்டத்துச் சமாதானம்

வன்முறையை எப்படி ஒழிப்பது என்று தெரியாமல் வல்லரசுகளெல்லாம் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும் இந்த வேளையில், லிந்துலைக்கு மேலே, வருஷத்தில் முக்கால்வாசி நாள் மூடுபனிக்குள் கிடக்கும் ஈரக்கல் தோட்டம் அதை ஒழித்தே விட்டது. இந்தச் செய்தியை உலகத்துக்கு அறிவிக்கும் பெரும்பேறு எனக்குக் கிடைத்திருக்கிறது. நான் கஜேந்திரன். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வுபெற்றவன். எனக்குப் பதவி ஆசை அறவே கிடையாது. 'ஈரக்கல் தோட்ட வன்செயல் ஒழிப்பு மற்றும் நல்லிணக்க மேம்பாட்டுக் குழு'வின் செயலாளர், கௌரவ மொழிபெயர்ப்பாளர், நினைவு மலர் ஆசிரியர் என்ற மூன்று பொறுப்புகளோடு திருப்தியடைந்து இருக்கிறேன்.

முதலில் தோட்டத்தின் இருண்ட காலத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அந்த இருண்ட காலத்தின் பெயர் சுதர்ஷினி.

ஹட்டனிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் சமூக சேவைப் பெண். ஏதோ ஒரு நிறுவனம் ஒரு வருஷத்துக்கு அவளை எங்கள் தலையில் கட்டியிருந்தது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன அறையில், ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பிள்ளையைத் தூக்க வரும் பெண்கள் அப்படியே அந்த அறைக்குள்ளும் எட்டிப் பார்த்தார்கள். "வீட்ல எல்லாம் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பாள். அத்தோடு நிறுத்தினால் நாகரிகம். அவள் பதில் வரும்வரை காத்திருந்தாள். காத்திருந்தால் சொல்லத்தானே செய்வார்கள்? சொன்னார்கள்.

அதுவரை ஈரக்கல்லில் அடிதடி என்று ஒரு முறைப்பாடுகூட மேலிடத்துக்குப் போனதில்லை. அவள் வந்த பிறகு மாதா மாதம் முறைப்பாடு ஏறியது. கூட்டல் கழித்தல் தெரிந்த எவருக்கும் இதன் பொருள் விளங்கும். சமூக சேவை வன்முறையை உற்பத்தி செய்கிறது.

அத்தோடு விட்டாளா? தேயிலை மரத்தைக் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டும் ஆண்கள் வேலை முடிந்ததும் கத்தியை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்து ஸ்டோரில் வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் பேசி ஒரு புது 'வழக்கத்தை' உண்டாக்கினாள். குடித்துவிட்டு வருபவன் கைக்கு எட்டும் தூரத்தில் கத்தி இருக்கக்கூடாதாம். ஓர் ஆண்மகன் தன் கத்தியோடு தன் ஒற்றையறைக் காம்பராவுக்குள் நுழைய முடியாத அவலத்தை எண்ணி நான் உள்ளம் கொதித்தேன். எனக்கென்று கத்தி எதுவும் கிடையாது, ஆனாலும் கொதித்தேன்.

அந்த அறைக்கு அடிக்கடி போனவள் கீழ் லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த ஜெயந்தினி. ஒரு பெண் குழந்தைக்குத் தாய். அவள் கணவன் ஜீவராஜ் கவ்வாத்துக்காரன், நல்ல பையன். சம்பள நாள், அட்வான்ஸ் நாள், இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்கள் தவிர மற்ற நாட்களில் குடிக்கவே மாட்டான். அவன் அவளை நெருங்கக்கூடாது என்று கோர்ட்டில் கட்டளை எடுத்துக் கொடுப்பதற்கும், அதுவரைக்கும் தாயும் பிள்ளையும் தங்க ஹட்டனில் ஒரு பாதுகாப்பான இடம் பார்ப்பதற்கும் சுதர்ஷினி ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு குடும்பத்தைப் பிரிக்க இவ்வளவு சுறுசுறுப்பு!

ஜீவராஜ் எங்கள் குழுத் தலைவர் பொன்னையாவின் அக்கா மகன். இந்த உறவுக்கும் குழுவின் தீர்மானங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது.

இப்படியிருக்க, அவளுடைய ஒரு வருஷம் முடியும் வேளையில், வன்முறையைக் குறைக்கவென்று மேலிடத்திலிருந்து ஒரு நிதி வந்தது. வரலாற்றுப் புகழ்பெற்ற அந்தக் கூட்டத்தைத் தோட்டத்து வாசிகசாலையில் கூட்டினோம். சந்தியில் கடை வைத்திருக்கும் ஹமீத் நானா கதிரைகளை இலவசமாகத் தந்து, அதில் ஒன்றில் தானும் உட்கார்ந்தார். சுதர்ஷினி விசேட அழைப்பாளர். அதாவது பேசலாம், வாக்களிக்க முடியாது. நிகழ்ச்சி நிரலில் ஒரே விடயம்: 'பொலிஸ் காவலரண் அல்லது சமூக சேவை.'

"நீங்க வர்றதுக்கு முந்தி இந்தத் தோட்டத்துல அடிதடியே இல்லீங்களே, புள்ள," என்று தலைவர் பொன்னையா தொடங்கினார்.

"இருந்துச்சுங்க தலைவரே. சொல்றதுக்குத்தான் எடமில்ல."

"சொல்லாத அடி எப்பிடிங்க அடியாகும்?"

சபை சற்று நேரம் இந்தத் தத்துவத்தில் திளைத்தது.

"பொலிஸ் வேணாம்னு நான் சொல்லவே இல்லீங்க," என்றாள் சுதர்ஷினி. "கட்டாயம் வேணும். தமிழ் தெரிஞ்ச ஒரு பொம்பள பொலிஸ அனுப்பச் சொல்லுங்க. நானும் பக்கத்துல இருக்கேன். ரெண்டும் இருந்தாத்தான் ஒரு பொம்பள பயமில்லாம வந்து சொல்லுவா. சொன்னதுக்கு அப்பறம் நல்லபடியா இருப்பா."

நான் எழுந்தேன். சட்டச் சிக்கல் வரும்போது எழுவது என் வழக்கம்.

"நிகழ்ச்சி நிரலப் பாருங்க, தங்கச்சி. 'அல்லது'ன்னுதான் இருக்கு. 'பொலிஸும் சமூக சேவையும்'னு ரெண்டு 'உம்' போடணும்னா திருத்தப் பிரேரணை கொண்டாரணும். அதுக்கு முன்கூட்டியே எழுத்துல அறிவிச்சிருக்கணும்."

"அத அடிச்சது யாரு சார்?"

"டைப் அடிச்சது நான்தான்."

அடித்தவன் தானாகவே ஒப்புக்கொண்டது ஈரக்கல் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை என்பதை அடக்கத்தோடு குறிப்பிட விரும்புகிறேன்.

ஹமீத் நானா தொண்டையைச் செருமினார். "நான் யாவாரி, எனக்கு சட்டம் தெரியாது. ஆனா சோறா கறியான்னு கேட்டா எப்பிடி? ரெண்டும் போட்டாத்தானே சாப்பாடு?"

"நானா, நீங்க கதிர தந்தீங்க. அதுக்கு நன்றி," என்றார் தலைவர். "கருத்து நாங்க வச்சிருக்கோம்."

வாக்கெடுப்பு நடந்தது. காவலரண் வென்றது. சுதர்ஷினி தன் மேசையைக் காலி செய்தாள். போவதற்கு முன் ஜெயந்தினியை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சார், இவங்க விசயம் பாதியில நிக்குது. நீங்க படிச்சவரு. வரப்போற பொலிஸ் ராளாமிக்குத் தமிழ் வராதுன்னா நீங்களாவது கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

"கஜேந்திரன் இருக்கக் கவலை எதற்கு?" என்று மேடைத் தமிழிலேயே ஆறுதல் கூறி அனுப்பிவைத்தேன். அந்த அறை செயலாளர் அலுவலகமாகத் தரமுயர்த்தப்பட்டது. சொல்ல ஆளில்லாததால் கத்திகளும் பழையபடி அவரவர் காம்பராவுக்கு மரியாதையோடு திரும்பின.

காவலரண் திறப்பு விழாவை வர்ணிக்க எனக்கு ஆசைதான். குத்துவிளக்கு, மேளம், மாலை, பெரியவர்களின் பேச்சு எல்லாம் இருந்தன. பெயர்ப்பலகையில் சிங்களம் சரியாகவும் ஆங்கிலம் அழகாகவும் தமிழ் 'பொலிஸ் காவரலண்' என்றும் எழுதப்பட்டிருந்தது. மூன்று மொழிக்கும் சம இடம் கொடுத்திருந்தார்கள். இடம் கொடுத்த பிறகு எழுத்தையும் சரியாகக் கொடு என்று கேட்பது பேராசை.

காவலுக்கு வந்தவர் பண்டார ராளாமி. வெயில் காயும் மொனராகலைப் பக்கத்துச் சிங்கள இளைஞர். எங்கள் குளிருக்குப் பல் கிடுகிடுக்க, இரண்டு ஸ்வெட்டரின் மேல் சீருடை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வந்த முதல் நாளே மேலிடத்துக்குத் தொலைபேசியில் பேசி, தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று கேட்டார். அப்படிப்பட்ட ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார் என்று நான் முன்வந்தேன். கச்சேரியில் இருபத்தெட்டு வருஷம் 'நாளை வாருங்கள்' என்பதை இரண்டு மொழியிலும் சொன்ன அனுபவம் எனக்கு இருந்தது.

இனி அந்தப் பொன்னான பிற்பகலுக்கு வருகிறேன்.

ஜெயந்தினி கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு நேராகக் காவலரணுக்கு வந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. உதடு கிழிந்திருந்தது. பண்டார பதறி எழுந்து தன் கதிரையை அவளுக்குக் கொடுத்தார்.

"மொகத வுனே?" என்றார். என்ன நடந்தது என்று அர்த்தம்.

"ராவெல்லாம் அடிச்சாருங்க. புள்ளையையும் தூக்கி எறியப் பாத்தாரு. அடுத்த தடவ வெட்டுவேன்னு கத்தியக் காட்டுறாருங்க," என்றாள் ஜெயந்தினி.

பண்டார என்னைப் பார்த்தார். சுருங்கச் சொல்லி விளங்கவைப்பதே நல்ல மொழிபெயர்ப்பு. "பவுலே பிரஷ்னயக்," என்றேன். குடும்பத்தில் ஒரு பிரச்சினை என்று பொருள். அவள் சொன்ன எல்லாமே அதற்குள் அடங்கிவிட்டது.

பண்டாரவுக்கு ஏனோ திருப்தி வரவில்லை. வீங்கிய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளிடமே திரும்பி, என்ன செய்யவேண்டும் என்று கையை விரித்துச் சைகையில் கேட்டார்.

"சமாதானம் வேணாங்க!" என்றாள் ஜெயந்தினி.

பண்டாரவின் முகம் மலர்ந்தது. "ஆ! சமாதான வென்ன!"

வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று மெய்சிலிர்க்க வேண்டும். நம் 'சமாதானம்' சிங்களத்திலும் 'சமாதான'தான். சிங்களத்தில் 'வென்ன' என்றால் 'ஆகவேண்டும்', 'ஆகுங்கள்'. எங்கள் மலைநாட்டு வாயில் 'வேணாம்' என்பது அவசரத்தில் 'வேணா' என்றுதான் வரும். அவள் சமாதானம் வேண்டாம் என்றாள். அவர் காதில் சமாதானமாகிவிடுகிறேன் என்று விழுந்தது. எத்தனையோ மாநாடுகள் போட்டும் ஒன்றுசேர்க்க முடியாத இரண்டு மொழிகள், ஈரக்கல் காவலரணில், ஒரு தகரக் கூரையின் கீழ், ஒரே வாக்கியத்தில் ஒன்றுசேர்ந்தன!

நான் குறுக்கிட்டிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். விளங்காத சொல்லை விளக்குவதுதான் மொழிபெயர்ப்பாளர் கடமை. இரு தரப்புக்கும் தெரிந்த சொல்லில் அவர் கை வைப்பது அத்துமீறல். மேலும் அன்று மாலை தலைவர் வீட்டில் எனக்கு விருந்து இருந்தது. அது வேறு விடயம்.

"சார், அவரு என்னா சொல்றாரு?" என்று ஜெயந்தினி என்னைக் கேட்டாள்.

"சமாதானம்னு சொல்றாரும்மா."

"நான் வேணாம்னுதானே சார் சொன்னேன்?"

"அதத்தாம்மா அவரும் சொல்றாரு."

உச்சரிப்பின்படி நான் சொன்னது முழு உண்மை.

ஜீவராஜ் வரவழைக்கப்பட்டான். காலையிலேயே குளித்துத் திருநீறு பூசியிருந்தான். பண்டார தன் செலவில் பாலில்லாத பிளேன்டி வரவழைத்து, கோபம் வேண்டாம் என்று இருவருக்கும் சிங்களத்தில் நெடுநேரம் நல்ல புத்தி சொன்னார். இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஜீவராஜ் ஒரு தேம்பு தேம்பினான். ஜெயந்தினி அழவில்லை, பிளேன்டியைத் தொடவுமில்லை. நன்றியில் உறைந்துபோயிருந்தாள் என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். இருவரையும் சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்தேன். சமாதானமாகிவிட்டால் முறைப்பாடு இல்லை. முறைப்பாடு இல்லாவிட்டால் குற்றம் இல்லை. அந்த மாதம் எங்கள் கணக்கில் பூச்சியம் விழுந்தது.

அதன்பிறகு பூச்சியம் எங்களை விட்டு அகலவே இல்லை. இந்தச் செய்தி லயத்துக்கு லயம் பரவியதும் மற்றப் பெண்கள் காவலரண் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். அவ்வளவு நிம்மதி! சில பெண்கள் அதைத் தாண்டும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போனார்கள். சட்டத்தின்மேல் உள்ள பக்தி அப்படி. மேலிடம் எங்கள் பூச்சியத்தைப் பார்த்து வியந்து, 'அமைதித் தோட்டம்' என்ற விருதுக்கு எங்களைத் தெரிவுசெய்தது.

ஆனால் ஜெயந்தினிக்கு மட்டும் பிடிவாதம் போகவில்லை. ஹமீத் நானாவின் மகள் ரிஸ்னா சிங்களம் சரளமாகப் பேசுவாள். ஜெயந்தினி கடைக்குச் சாமான் வாங்கப் போகும் சாக்கில் அவளிடம் பாடம் கேட்டிருக்கிறாள். 'வேணாம்' என்பதற்குச் சிங்களத்தில் 'எபா' என்று சொல்லவேண்டுமாம்.

ஏப்ரல் மாதத்து ஒரு காலையில் ஓடிவந்தாள். காவலரண் பூட்டியிருந்தது. நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம். பூக்கண்காட்சி பார்க்க வரும் வாகனங்களை ஒழுங்குபடுத்தப் பண்டாரவை அங்கே அழைத்துப் போயிருந்தார்கள். பூக்களுக்கும் பாதுகாப்பு வேண்டாமா? நான் மட்டும் வெளியில் இருந்த நீள வாங்கில் உட்கார்ந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன்.

"சார், ராளாமி எங்க?"

"சீசன் டியூட்டிம்மா. பத்து நாள்ல வந்துருவாரு."

அவள் மூச்சு வாங்க நின்றாள். பிறகு பூட்டிய கதவைப் பார்த்து, மனப்பாடம் செய்ததைச் சத்தமாகச் சொன்னாள். "சமாதான எபா. சமாதான எபா, மாத்தயா."

உச்சரிப்பு அபாரம். ஐயா என்பதற்கு 'மாத்தயா' என்றுகூடப் படித்திருந்தாள். மனம் திறந்து பாராட்டினேன். 'எபா'வில் 'பா'வை இன்னும் கொஞ்சம் அழுத்தலாம் என்றும் சொல்லிக்கொடுத்தேன்.

"சார், அவரு கத்தியத் தீட்டிக்கிட்டு இருக்காரு. நான் கண்ணால பாத்தேன். சுதர்ஷினி அக்காவுக்கு ஒரு போன் போட்டுத் தருவீங்களா? ஏங்கிட்ட இருந்த போன ஒடச்சிட்டாரு."

"அந்தப் பதவியே இப்ப இல்லியேம்மா. இல்லாத பதவிக்கு எப்பிடிப் போன் போடுறது? விருது விழா வேற வருது. கொஞ்சம் பொறுத்துக்க."

அவள் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள். ஜீவராஜ்தான் பொறுக்கவில்லை. அன்று சாயங்காலமே லயத்து வாசலில் வைத்து, பிள்ளையை மறைத்து நின்றவளை வெட்டினான். கழுத்துக்கு வந்த வெட்டைக் கையால் தடுத்திருக்கிறாள். பக்கத்துக் காம்பராப் பெண்கள் சேர்ந்து அவனைப் பிடித்துத் தள்ளிவிட்டு, ஹமீத் நானாவின் வேனில் அவளை ஏற்றி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

குழு அவசரமாகக் கூடியது. எல்லோர் முகத்திலும் ஈயாடவில்லை. விருதுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

"பூச்சியம் போச்சே!" என்று தலைவர் தலையில் கைவைத்தார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்கூட அவரிடம் தோற்றிருப்பார்.

"பதறாதீங்க தலைவரே," என்று நான் எழுந்தேன். "வெட்டு நடந்தது இங்கதான். ஆனா முறைப்பாடு பதிஞ்சது எங்க? ஆஸ்பத்திரியில, அங்க உள்ள பொலிஸ்ல. அங்க தமிழ் தெரிஞ்ச நர்ஸ் ஒருத்தங்க பக்கத்துல இருந்து அவ சொன்ன எல்லாத்தையும் ஒன்னு விடாம சொல்லிட்டாங்களாம். ஆகவே அது டிக்கோயாவோட குற்றம். நம்ம காவலரண்ல ஒரு முறைப்பாடும் இல்ல."

கரகோஷம் வானைப் பிளந்தது. டிக்கோயாவில் குற்றம் பெருகுவது குறித்து ஆழ்ந்த கவலை தெரிவிக்கும் தீர்மானமும் நிறைவேறியது. ஜீவராஜ் ரிமாண்டில் இருக்கிறான். அதுவும் ஈரக்கல்லில் இல்லாததால் எங்கள் நன்மதிப்புக்குப் பங்கமில்லை. ஹட்டனில் நடந்த விழாவில் தலைவர் விருதை வாங்கினார், நான் அவரிடமிருந்து வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

எஞ்சியிருந்தது நினைவு மலர் மட்டுமே. அதன் நடுப்பக்கத்தில், அன்று காவலரணில் எடுத்த கணவன் மனைவி படத்தைப் போட்டு, 'சமாதானத்தின் முகங்கள்' என்று தலைப்பும் கொடுத்துவிட்டேன். பயனாளியின் இரண்டு வரி வாழ்த்துதான் பாக்கி. ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஜெயந்தினி கட்டிலில் சாய்ந்திருந்தாள். வலது கை முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டிருந்தது. இரண்டு விரல் போய்விட்டதாம். இனிக் கொழுந்தெடுக்க முடியாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் சுதர்ஷினி, மடியில் அந்தக் குழந்தையை வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பதவி போன பிறகும் வேலையை விடாத பெண்! என்னைக் கண்டும் எழவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

நான் மலரைப் பற்றி விரிவாக எடுத்துச் சொன்னேன். "ரெண்டே வரி போதும்மா. காவலரண் வந்ததுக்கு அப்பறம் தோட்டம் எப்பிடி அமைதியா இருக்குன்னு. கை முடியாட்டிப் பரவால்ல, நீ சொல்லு, நான் எழுதிக்கிறேன்."

ஜெயந்தினி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குப் பதில் சொல்ல வந்திருக்கும். கோபமாகப் பார்க்கவில்லை.

"பண்டார ராளாமி நேத்து வந்தாரு சார்," என்றாள். "நான் சமாதானமாகப் போறேன்னு சொன்னதாத்தான் அன்னைக்கி நெனச்சாராம். நர்ஸம்மாதான் அத எடுத்துச் சொன்னாங்க. கட்டிலப் புடிச்சிக்கிட்டு அழுதாருங்க. அவர நான் குத்தம் சொல்லல. பாவம், அவருக்குத் தமிழ் தெரியாது."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன்.

"ஒங்களுக்குத் தெரியுந்தானே, சார்?"